பச்சை டப்பா, நீல டப்பா

கோல்காரர் என்றால் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயசு. பண்ணையில் இருபது மாடும் எழுபது செம்மறியும். மாடு மகன் பொறுப்பு, ஆடு இவர் பொறுப்பு. இரண்டு வருஷமாகக் கையில் ஒரு கோல். கேட்டால், "ஆட்டை மடக்க வேணாமா?" என்பார். கோல் ஆட்டுக்கு இல்லை, வாசற்படிக்கு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதைப் பார்த்தாலும் கலங்கிய பாலுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

காரணம் இருக்கிறது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மகன் சொல்லிவிட்டான்: "உங்களால முடியிற வரைக்கும் ஆடு இருக்கட்டும்பா. முடியலன்னா சொல்லிடுங்க, மொத்தமா குடுத்துடலாம். எனக்கு மாடு பாக்கவே நேரம் பத்தல." அவன் சொன்னதில் தப்பில்லை. விடியுமுன் எழுந்து, மடி கழுவி, கறவை மெஷினை மாட்டி, பால் வண்டி வருவதற்குள் கேனை நிரப்பி, சாணம் வழித்து முடித்தால் அவனுக்கு இடுப்பு கழன்றுவிடும். ஆட்டைப் பார்த்தால் எல்லாமே ஒரே கம்பளி மூட்டை அவனுக்கு. ஆகவே புரை வெளியே தெரிந்தால் அன்றோடு மந்தை போச்சு.

கோல்காரர் ஆடுகளைக் காதாலும் கையாலும் பார்த்தார். குளம்பு அழுகியிருந்தால் மூக்கே சொல்லும். நொண்டுகிற ஆட்டின் காலடி தனியாகக் கேட்கும். பூச்சி மருந்து ஊற்ற, ஆட்டைத் தொடையிடுக்கில் நிறுத்தி விரலால் கடைவாயைத் திறந்தால் போதும், கண் எதற்கு? ஒரே தொந்தரவு, மனைவிதான். பட்டிக்குக் கிளம்பினால் பின்னாலேயே வருவாள்.

"நீ எதுக்கு வர்ற?"

"சும்மாதான். வீட்டுல உக்காந்து என்ன பண்ண."

வயசானால் பொம்பளைகளுக்குப் பொழுது போவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மந்தைக்கு முன்னால் நடப்பது ஒரு கிழட்டுப் பெட்டையாடு. அதன் பின்னால் மற்றவை வரிசையாகப் போகும் என்பதால் அதற்கு டீச்சர் என்று பேர். கட்டிய தொண்டை, கத்தினால் துருப்பிடித்த கதவைத் திறக்கிற சத்தம் வரும். இப்போதெல்லாம் மேய்ச்சலிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதே அதுதான். அந்தத் தொண்டையைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பார்.

விற்பனைக்கு முந்தின நாள் ஆட்டின் முதுகில் சாயம் பீச்சுவது வழக்கம். இருப்பதற்குச் சிவப்பு, லாரியில் போவதற்கு நீலம். இந்தத் தடவை கடையில் சிவப்பு தீர்ந்துபோச்சு என்று மகன் பச்சை வாங்கி வந்துவிட்டான். சிவப்பென்றால் அவருக்கு மங்கலாகவாவது பிடிபடும். பச்சையும் நீலமும் ஒரே கறுப்பு. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். சரி, வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் பச்சை என்று டப்பாக்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அன்றைக்கென்று ஒரு மாடு கன்று போடத் திணறியதில் மனைவி தொழுவத்தை விட்டு நகரவில்லை. பாதி மந்தை முடிந்திருக்கும், ஒரு கிடா முட்டி இரண்டு டப்பாவும் உருண்டன. வைக்கோலில் துழாவி எடுத்து, இது இதுதான் என்று குத்துமதிப்பாக இரண்டு பக்கமும் வைத்தார். மாற்றி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை லாரி வந்தது. மகன் நீலத்தைப் பார்த்துப் பார்த்துச் சாய்வுப் பலகையில் ஏற்றினான். கோல்காரர் எல்லாம் சரியாகப் போகிறது என்று கேட் பக்கத்தில் தெம்பாக நின்றார். டிரைவர் பின்கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து துருப்பிடித்த கதவின் சத்தம் வந்தது.

டீச்சரின் தொண்டை! அதை மட்டும் இறக்கச் சொல்ல ஒரு சாக்கா கிடைக்காது? மனசு மாறிவிட்டது என்றால் முடிந்தது. ஆனால் டீச்சர் உள்ளே இருந்தால், டப்பா உருண்ட பிறகு சாயம் வைத்ததெல்லாம் தப்பு. எத்தனை சினையாடு உள்ளே நிற்கிறதோ. லாரி எஞ்சின் உறுமியது.

"எல்லாத்தையும் இறக்குடா," என்றார்.

"ஏம்பா?"

"எனக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியல. கண்ணு போயிடுச்சு."

மகன் டிரைவருக்குக் கையைக் காட்டினான். டிரைவர் எஞ்சினை அணைத்தார். பலகை மறுபடி இறங்கியது. முதலில் டீச்சர், பின்னால் மற்றவை.

"எவ்வளவு நாளாப்பா?"

"போன மழைக்காலத்துலேருந்து."

"பொய். அதுக்கும் முந்தின மழை," என்று குரல் வந்தது. தொழுவ வாசலில் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "இவர் போடாம விட்ட தாழ்ப்பாளை எல்லாம் ரெண்டு வருஷமா நான்தானே போட்டுட்டு வர்றேன்."

மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நீல டப்பாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். "போக வேண்டியதுக்கு மட்டும் தலையில அடிச்சு நீ காட்டும்மா. மத்த ஆடெல்லாம் இங்கேயே இருக்கட்டும். இவரை நான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கோல்காரர் கோலை ஊன்றிக்கொண்டார். மனைவி நிற்கும் பக்கமாகத் திரும்பி, "சும்மா வர்றேன்னுதானே சொன்ன?" என்றார்.

"சும்மாதான் வந்தேன். நகருங்க," என்று அவள் டப்பாவைக் குலுக்கினாள்.