கற்பூரத்தில் அடித்த சத்தியம்

வயிறு வீங்கிக் கண் மஞ்சளித்தால் அவன் குடிகாரன்தான். எங்கள் சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் இதற்கு டொக்டர் தேவையில்லை. ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்த ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

என் தம்பிக்கு ஈரல் வருத்தம் வந்தபோது, "நான் குடியைத் தொட்டதே இல்லையக்கா" என்றான். நான் காதில் வாங்கவில்லை. கடலுக்குப் போகிறவன் குடிக்காமல் இருப்பானா? கையைப் பிடித்து இழுத்துப்போய் அம்மன் கோயிலில் நிறுத்தி, இனிக் குடிக்கமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். சோம்பேறி என்று அதற்கும் ஏசினேன்.

அடுத்த கிளினிக்குக்கு முதல்முறையாக நானும் கூடப் போனேன். அவனை முந்திக்கொண்டு, "தம்பி குடியை விட்டிட்டான் டொக்டர்" என்றேன்.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர் குடிச்சது? இது கிருமியால வந்த வருத்தம் எண்டு இவருக்கு முதலே சொன்னனான்." பிறகு அவனிடம், "நித்திரை வருதோ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், தம்பி விம்மி அழத் தொடங்கினான். ஈரல் வருத்தக்காரருக்குப் பயமும் மனச்சோர்வும் வரக்கூடும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் அவன்மேலேயே பாய்ந்தேன். "குடிக்காதவன் ஏன்டா சத்தியம் செய்தனீ?"

"நீங்களே நம்பேல்லை. பிறகு நான் ஆருக்கு அக்கா சொல்லுறது?"