மொட்டு விட்டிருப்பதாகச் சொன்ன நைனா

நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அறுபது வயதுவரை விசைத்தறிச் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போன எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. அரைவயிறு உண்டு என்னைப் படிக்கவைத்தவர். யாரிடமும் கைநீட்டாதவர், கோபமே வராதவர். அவருக்கும் சேர்த்து எனக்கே வந்துவிட்டது போலிருக்கிறது.

அம்மாவும் நைனாவும் போன ஒரே சுற்றுலா ஊட்டி. அங்கே ரோடோடென்ட்ரான் மரத்தின் செம்பூக்களைப் பார்த்துவிட்டு அம்மா நகரவே மாட்டேன் என்றாராம். ஒரு கன்றை வாங்கி, மடியில் வைத்தே பேருந்தில் கொண்டுவந்தார்கள். அம்மா போனபிறகு வீட்டில் நைனாவும் அந்தத் தொட்டிச் செடியும்தான். நகரி வெயிலில் மனுஷனே வாடிப்போகிறான், மலைச் செடி எம்மாத்திரம்! தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, உப்பான போர் தண்ணீர் படாமல், பிடித்துவைத்த மழைத்தண்ணீரையே ஊற்றி வளர்த்தார். பூக்கவேயில்லை.

திருப்பதியில் வேலை பார்க்கும் நான் ஞாயிறுதோறும் போன் செய்வேன். "செடி எப்படி கீது நைனா?" என்று கேட்டால் போதும், அரைமணி நேரம் பேசுவார். எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை.

அவருடைய கடைசிப் பொங்கலுக்குப் போனபோது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தொட்டிக்கும் அடித்து, மிச்சத்தை எறும்பு வராமலிருக்க அதன் மண்ணிலேயே ஊற்றினேன். அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு ஆகாது என்பது எனக்குத் தெரியாது. நைனாவுக்குத் தெரியும். ஓடிவந்து மேல்மண்ணைக் கையாலேயே வாரிக் கொட்டினார்.

"இன்னா நைனா?" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது, வுடு பாப்பா" என்றார்.

பிறகும் ஞாயிறுதோறும், "ரெண்டு எலை வுட்டுக்கீது" என்பார். ஆடியில் ஒருநாள், "மொட்டு வுட்டுக்கீது பாப்பா, பாக்க வரியா?" என்றார்.

"லீவு இல்ல நைனா. எப்பப் பாத்தாலும் செடிதானா?" என்று எரிந்து விழுந்தேன். பாவி நான். அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்.

வந்து பார்த்தால் தொட்டியில் வெறும் மண். அடுத்த வீட்டு அத்தைதான் சொன்னார்: "செடி மாசியிலயே பூட்ச்சிம்மா. உங்கிட்ட சொல்லச் சொன்னேன். 'வாணாம்மா, செடி பூட்ச்சின்னா பாப்பா இன்னாத்த கேட்டு போன் பண்ணும்?'னாரு."

நைனாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களுக்கும், அவருக்காகத் தறியை நிறுத்திய உறவுகளுக்கும், மறைக்காமல் சொன்ன அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குடும்பம் என்று எழுதிவிட்டேன். மிச்சம் நான் ஒருத்திதான். ஞாயிறு வந்தால் போனைக் கையில் எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன்.