பின்வரிசையில் மூன்று கைகள்

கொட்டாஞ்சேனைக் கட்சி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கூட்டக்குறிப்பு எழுதிவந்தவர் நேசமலர். தலைவர் சொன்னால் அங்கே எல்லாமே ஏகமனதாக நிறைவேறும். போன ஞாயிறு அவர் தன் மகனை உபதலைவராக்கியபோது மட்டும் பின்வரிசையில் மூன்று கைகள் எதிர்த்து உயர்ந்தன. நேசமலர் அதையும் எழுதினார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் குறிப்புக் கொப்பியைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? ஏகமனதாக எண்டு மாத்துங்கோ."

"மூண்டு பேர் கை உயர்த்தினவை ஐயா. நான் எண்ணினனான்."

"அப்ப நாளையிலிருந்து வரத் தேவையில்லை."

"ஓம் ஐயா. இந்தக் குறிப்பில கையெழுத்தை வையுங்கோ, போறன்."

கை உயர்த்திய மூவரும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கையெழுத்து வைத்தார்.

வெள்ளவத்தை பஸ்ஸில் ஜன்னலோரம் நிமிர்ந்திருந்த நேசமலரைப் பார்த்தால், வேலை போனவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.