ஜக்கரியா பாய் முடுக்கிய திருகுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கூட்டேரிப்பட்டு சர்வீஸ் ரோட்டில் ஓர் அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கோட்டக்குப்பத்திலிருந்து ஜக்கரியா பாயின் மகள் மும்தாஜ். "அத்தா போயிட்டாருங்க. காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தவருதான்" என்றாள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அந்த அம்மா பதறிப்போய்க் கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி அணைந்தது. நான் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்தேன்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். போனேன், மூன்று கைப்பிடி மண் போட்டேன், திண்டிவனம் திரும்பினேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் டிரைவிங் பயிற்சிப் பள்ளியில் உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். வாசலில் நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளியனூர் வரை போய்விட்டுத் திரும்புகிறேன். ஜக்கரியா பாயை அறிந்தவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த அலைச்சல் நிற்காது.

கோட்டக்குப்பத்தில் அவருடைய ரிப்பேர் கடைக்குப் போயிருக்கும் எல்லோருக்கும் ஒன்று தெரியும். சில வருடங்களுக்கு முன்புவரை மிக்சியோ தையல் மெஷினோ கொடுத்தால் அன்றே திரும்பக் கிடைக்காது. வேலை முடிந்திருக்கும், கண்ணெதிரே ஓடிக்கொண்டும் இருக்கும். "இன்னொரு நாளு இருக்கட்டும்மா" என்பார். முடுக்கிய திருகை எல்லாம் கழற்றி மறுபடி முடுக்குவார். மறுநாள் போனால் மூன்றாம் முறை முடுக்கிக்கொண்டிருப்பார். "பாய்கிட்ட குடுத்தா மிக்சிக்கே தாடி மொளைச்சிடும்" என்று கேலி பேசுவீர்கள். அவரும் சிரிப்பார். அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அது என்னால் வந்தது.

நாங்கள் இருவரும் வளைகுடாவில் ஒரே வீட்டில் வேலை பார்த்தோம். நான் டிரைவராகப் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே ஒன்பது வருடமாக இருந்தார். முதல் வாரம், சாப்பாட்டு அறையில் யாரோ வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்கள். நான் "மல்லாட்டை எங்கூர்ல இதவிடப் பெருசா இருக்கும்" என்றேன். மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் சட்டென்று திரும்பினார். "எந்த ஊரு நீ?" கிளியனூர், பேர் ஆரோக்கியம் என்றேன். "அட, நம்ம பாண்டி ரோடு" என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஏழு வருடங்கள், அவர் அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை, பெரும்பாலும் அந்தப் பக்கத்து இடத்தில்தான் சாப்பிட்டார்.

அவருடைய வேலை முதலாளியின் வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்வது. அவர் பட்டறையில் கற்றவர் அல்ல. ஊரில் தையல் மெஷின் பழுது பார்த்தவர். அங்கே போய்ப் பழைய ஆளிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, கெடுத்தும் திருத்தியும் தானே தெரிந்துகொண்டவர். ஒரு வருடம் முதலாளிக்கு மத்திய ஆசியாவில் மலையாடு வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. மலையேறவும் வேண்டும், அடிவாரத்துப் புல்வெளியில் தொலைவாகச் சுடவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி, அதுவும் எடை குறைவாக இருக்க வேண்டும் என்றார் முதலாளி.

பாய் அந்தத் துப்பாக்கியோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார். அதன் மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி நாரில் செய்த கட்டை போட்டார். மரம் ஈரத்தில் உப்பி இரும்பை நெருக்கும் என்பார். பெரிய தொலைநோக்கியை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை, குழலை ஒட்டித் தாழ்வாகப் பொருத்தினார். இரண்டு கால் தாங்கியை வேண்டாம் என்று ஒதுக்கினார். முதுகுப்பை மேல் வைத்துச் சுட்டால் போதும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும் என்று உள்ளே இருந்த எண்ணெயை எல்லாம் துடைத்தார். தொலைநோக்கியின் திருகுகளை அளவு காட்டும் முடுக்கியால் முடுக்கி, ஒவ்வொரு திருகின் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்ந்தாற்போல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்தார். திருகு மயிரளவு நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த நகப்பூச்சு வாங்க நான்தான் கடைக்கு வண்டி ஓட்டினேன்.

பிறகு பாலைவனத்தில் சுட்டுப் பார்த்தோம். எடை குறைந்த துப்பாக்கி தோளை உதைக்கும். குழல் மெலிசு, மூன்று குண்டுக்குள் சூடேறி நாலாவது குண்டு வேறு இடம் போகும். அதனால் ஒரு குண்டு சுடுவார், ஆறும்வரை காத்திருப்பார். பகல் முழுக்க ஏழெட்டுக் குண்டுதான். எனக்குப் பொறுமை போய்விடும். "மலையில மொத குண்டுதான் குண்டு. ரெண்டாவது குண்டு நம்ம தப்புக்கு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "எடைய கொறைச்சா வேல கூடிடும் ஆரோக்கியம். அத யாரும் சொல்ல மாட்டாங்க." இருநூறு மீட்டரில் தொடர்ந்து ஐந்து நாளும் முதல் குண்டு ஒரே இடத்தில் பட்டது. அன்று அவர் முகம் இருந்த இருப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மலைக்கு முதலாளி, பாய், நான், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் என்று நாலு பேர் போனோம். ஜீப் போகும் வரை நான் ஓட்டுவது. அதற்கு மேல் குதிரை. மூன்றாம் நாள் மதியம் முகாமுக்கு வந்து இறங்கியபோது பாயின் கையில் முதலாளியின் பை இருந்ததால் துப்பாக்கியை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். சரளைக் கல்லில் கால் வழுக்கியது. வார் தோளிலிருந்து நழுவித் துப்பாக்கி உறையோடு பாறையில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. எடுத்துத் தூசியைத் தட்டினேன்.

கூடாரத்தில் பாய் உறையைக் கழற்றினார். உறையின் ஓரத்தில் மண் அப்பியிருந்ததைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கீழ போட்டியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டீ ஆகிவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"இல்ல பாய். கீழ வெச்சேன், அதான்" என்றேன்.

அவர் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூடப் பிரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலை, ஒருமுறை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று முதலாளியிடம் கேட்டார். எதிர்ச்சரிவில் ஆடுகள் நிற்கின்றன, சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று முதலாளி மறுத்தார். பாய் வற்புறுத்தவில்லை. விழுந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். முதலாளி காலில் விழுந்தாவது தடுத்திருப்பார். நான் அவருக்கு நாலடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்க அது நல்ல நேரம். திறக்கவில்லை.

பெரிய கிடா. இடப்பக்கம் பார்த்து, பக்கவாட்டில், அசையாமல் நின்றது. முதலாளி சுட்டார். வெடித்ததும் அது பின்புறம் கீழே உட்காருவது போல் குழைந்தது, பிறகு எழுந்து முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு சரிவின் மறுபக்கம் மறைந்தது. முதலாளி துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார்.

பாயும் வழிகாட்டியும் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று வரவில்லை. மறுநாள் பொழுது சாயும்போது வந்தார்கள். ஒரு பாறை இடுக்கில் அது உயிரோடுதான் கிடந்ததாம். இடுப்பு உடைந்திருந்தது. பக்கத்தில் போனபோது எழ முயன்றதாம். பாய் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியால் முடித்துவைத்தார். இதெல்லாம் வழிகாட்டி சைகையில் சொன்னது. பாய் பனி உருகி ஓடும் ஓடையில் உட்கார்ந்து, கை சிவந்து விறைக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

வளைகுடா திரும்பிய மாதமே முதலாளி அவரை அனுப்பிவிட்டார். விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வழி முழுக்க அவர் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணெய் மிச்சம் இருந்திருக்குமா? உயரத்தில் காற்று லேசு, அதைக் குறைத்துக் கணக்கிட்டாரா? எந்தத் திருகு? "கோடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்போ நான் மொதல்லயே தப்பா முடுக்கி, அதுமேலயே கோடு போட்டுட்டேன் போல" என்றார். நான் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பயம்தான். என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பிறகு பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் பயத்தைவிடக் கெட்டியாக வாயை அடைக்கிறது.

நானும் ஊர் திரும்பி, திண்டிவனத்தில் பயிற்சிப் பள்ளி வைத்தேன். ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். பிரியாணி போடுவார்கள். மும்தாஜின் பிள்ளைகள் என்னைத் தாத்தா என்பார்கள். அவர் கடையில் உட்கார்ந்து, திருகைக் கழற்றி மாட்டும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எழுந்திருக்கிறேன். எழுந்து, "வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள், நான் இருக்கும்போதே ஒரு கல்லூரிப் பெண் கடைக்கு வந்தாள். போட்டிகளில் காற்றுத் துப்பாக்கி சுடுகிறவளாம். குறி பார்க்கும் பாகம் ஆடுகிறது, பாய்க்கு இந்த வேலை தெரியும் என்று யாரோ சொன்னார்கள் என்றாள். அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். "வேணாம்மா. என் கை பட்டா சரியா வராது. வேற எடம் பாரு" என்றார். அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர் கைகளை வெளியே எடுத்து, மேசையில் கிடந்த மிக்சியின் திருகுகளை மறுபடி கழற்றத் தொடங்கினார்.

அங்கேயே சொன்னேன். நின்றபடியே, "நான் கீழ போட்டேன் பாய்" என்றேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு, "பதினாறு வருசம்" என்றார். "பதினாறு வருசமா அந்தத் திருக முடுக்கிக்கினு இருக்கேன் நான். நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கினு இருந்திருக்க." எழுந்து கடையின் பாதி ஷட்டரை இறக்கினார். நான் வெளியே வந்தேன்.

பதினோரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. போன் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால், தொழப் போயிருக்கிறார் என்று மும்தாஜ் சொல்வாள். அவருடைய செருப்பு வாசலில் கிடக்கும்.

ஒருநாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து என் பள்ளி வாசலில் நின்றார். உள்ளே வந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "எப்படி விழுந்துச்சு, காட்டு" என்றார். தோளில் வைத்து, வழுக்கி, விழவைத்துக் காட்டினேன். "எந்தப் பக்கம்?" வலப்பக்கம் என்றேன். "தொலைநோக்கியில முன்கண்ணாடியா, பின்கண்ணாடியா?" முன்கண்ணாடி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "திருகு நகரல. தொலைநோக்கியோட கொழாய்தான் இடப்பக்கம் வளைஞ்சிருக்கு. அப்போ அத ஆட்டுக்கு நேரா புடிச்சா குண்டு வலப்பக்கம் போவும். ஆடு இடப்பக்கம் பாத்து நின்னுச்சு. இடுப்புலதான் படும்." கண்ணைத் திறந்து, "ஆமா. அங்கதான் பட்டுச்சு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய மூச்சு ஒன்று வந்தது.

அதற்குப் பிறகு அவர் கடையில் மிக்சி கொடுத்தவர்கள் அன்றே வாங்கிப் போனீர்கள். ஒருமுறை முடுக்கினார், கொடுத்துவிட்டார். வயதாகிவிட்டது, பாய்க்குப் பழைய அக்கறை இல்லை என்று சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அக்கறை போகவில்லை. கையின் மேல் நம்பிக்கை வந்திருந்தது. அந்தக் கல்லூரிப் பெண்ணைத் தேடிப் போனோம். அவள் அதற்குள் படிப்பை முடித்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இதை எல்லாம் மும்தாஜிடம் சொன்னேன். அவளுக்கு எதுவுமே தெரியாது; யாரிடமும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும், "எழுதுங்க. எல்லாரும் எங்க அத்தாவ மந்தம்னு சிரிச்சாங்க. எழுதுங்க" என்றாள். பிறகு, "அத்தா உங்கள மன்னிச்சாரா?" என்று கேட்டாள்.

அவர் என் பள்ளிக்கு வந்த அந்த மதியம், திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவரை ஏற்றிவிடும்போது நானும் அதைத்தான் கேட்டேன். பாண்டி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் திரும்பினார். "எங்கிட்ட கேக்காத ஆரோக்கியம். நான் ஊருக்கு வந்தேன், கடை வெச்சேன், பேரப் புள்ளைங்களப் பாத்தேன். அந்த ஆடு ரெண்டு நாளு இடுப்பொடிஞ்சி கெடந்துச்சு. அதுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

பஸ் போய்விட்டது. அதன் பிறகும் மூன்று பெருநாளைக்கு அவர் வீட்டில் சாப்பிட்டேன். அவர் பக்கத்தில் இடம் போட்டுத்தான் உட்காரவைத்தார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.