ஓநாய்ப் பிரிவில் மூன்று வருடம்

மனிதனை ஓநாயாக்கும் தொழிலில் இருந்தவர்கள் நம் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், போஸ்டாபீஸ் குமாஸ்தா என்று பொதுஜனத்துக்கு எதிரே நின்று பிழைத்த எவருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். திருமுல்லைவாயில் வீட்டில் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்கு எங்கேயாவது போறீங்களா?" என்று கேட்பதை என் மனைவி நிறுத்திய வாரத்தில் பாரிவாக்கம் பக்கம் ஒரு மாந்தோப்பில் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை கிடைத்தது. பூங்கா முதலாளி வெளிநாட்டில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். டிக்கெட் வாங்கியவர்களே வேஷம் கட்டிக்கொண்டு, தோப்புக்குள் இரண்டு மணி நேரம் ஒரு கதையை வாழ்ந்துவிட்டுப் போக வேண்டும். அரசர், வேடர், மந்திரவாதி, ஓநாய் மனிதர் என்று நான்கு குலம். ஓநாய்க் குலத்தார் சாதாரணமாக மனிதராகத் திரியலாம். பம்பை மேளம் அடித்தால் பௌர்ணமி வந்துவிட்டது என்று அர்த்தம். பகல் பதினோரு மணியானாலும் பௌர்ணமிதான். உடனே முகமூடியை மாட்டி ஓநாயாகிவிட வேண்டும். ஓநாய் பேசக் கூடாது, உறுமலாம். கூட வந்தவர்களையே அடையாளம் தெரியக் கூடாது, துரத்தலாம். வெள்ளி வர்ணம் அடித்த ரப்பர் வாள் பட்டால்தான் அதற்குச் சாவு. மணி அடித்தால் மறுபடி மனிதர். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, விசில் ஊதி, வழக்குத் தீர்ப்பது என் வேலை.

முதல் ஞாயிறு

முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். பெரும்பாலும் ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள். எந்தக் குலம் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். முப்பத்தேழு பேர் ஓநாய். மீதி மூன்றில் இரண்டு பேர் மந்திரவாதி. ஒரு பெரியவருக்கு முட்டி வலி, அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். அரசரும் இல்லை, வேடரும் இல்லை. எல்லாரும் ஓநாயானால் யாரைத் துரத்துவது?

பாதிப் பேராவது மனிதராக மாறிக்கொள்ளும்படி கெஞ்சினேன். பெட்டியில் ஜிகினா கிரீடம் இருப்பதைக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. அவர்களில் தொழிற்சாலை ஃபோர்மேன் ஒருவர், கோபமே இல்லாமல், எனக்கு விளங்கவைக்கும் குரலில் சொன்னார்: "மனுசனா இருக்கிறதுக்கு எதுக்கு சார் டிக்கெட்? அதான் வாரத்துல ஆறு நாள் இருக்கோமே."

சாக மறுத்தவர்

பாடியிலிருந்து லேத் பட்டறை ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். அதில் குமார் என்பவர் ஓநாய். அவருடைய சிநேகிதரே பின்னாலிருந்து வெள்ளி வாளால் குத்தினார். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். விசில் ஊதி, "செத்துட்டீங்க, பந்தலுக்குப் போய் அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்றேன். குமார் போகவில்லை. "ஒரு குத்துல சாவறதுக்கு நான் இன்னா கொசுவா?" என்று முகமூடியைக் கழற்றிக் கேட்டார். ஓநாய் பேசக் கூடாது என்று ஞாபகப்படுத்தினேன். அதற்கும் பதில் பேசினார்.

குத்து பட்டது என்று குத்தியவர் தன் அம்மா மேல் சத்தியம் செய்தார். அவர் மன்னிப்புக் கேட்டால் சாவதாகக் குமார் இறங்கிவந்தார். குத்தியதற்கு எதற்கு மன்னிப்பு என்று சிநேகிதர் செருப்பைக் கழற்றினார். நடுவில் புகுந்த என் கன்னத்தில் யாருடைய கையோ விழுந்தது. உடனே இரண்டு பேரும் சமாதானமாகி, என்னை மர நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குமார் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பட்டுச்சு அண்ணாத்தே, இல்லேன்னு சொல்லல. ஆனா மனசுல படல, இன்னா பண்ண சொல்ற?"

மணி அடித்த பிறகு

அம்பத்தூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. கணவர் அரசர், கிரீடம் நேராக இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அந்த அம்மாள் ஓநாய். கவுண்டரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர், வயது, குலம் எல்லாம் அவரே சொன்னார். ஓநாய் என்பதையும் அவர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

பம்பை அடித்தது. அவள் கணவரைத் துரத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோப்பை இரண்டு சுற்று விரட்டினாள். மணி அடித்தும் நிற்கவில்லை. மற்ற ஓநாய்கள் முகமூடியைக் கழற்றி மோர் குடிக்கப் போய்விட்டன. அரசர் மாமரத்தின் முதல் கிளையில் இருந்தார். கிரீடத்தைக் காணவில்லை. இவள் கீழே நின்று உறுமிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம் ஆகிறது என்றேன். அவள் முகமூடியைக் கழற்றினாள், முகத்தைத் துடைத்தாள். பிறகு சாதுவாகச் சொன்னாள்: "மணி கேட்டுச்சுங்க. சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு."

நிஜமாகவே வந்தது

பம்பையை வைக்கச் சொன்னது முதலாளி. வேண்டாம் என்று நான் சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை. ஆடி மாதம் திருவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். பம்பை ஆரம்பித்த அரை நிமிஷத்தில் ஓர் அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து ஆடினார். ஓநாய்கள் முகமூடியோடு கைகூப்பி நின்றன. வேடர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் வேப்பிலைக்கு ஓடினேன். மாந்தோப்பில் வேப்பிலைக்கு எங்கே போக? திரும்பி வந்தபோது குறி கேட்க வரிசை நின்றிருந்தது.

விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை, அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள் என்று வரிசையில் முதலில் நின்ற ஓநாயிடம் சொன்னேன். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பதில் சொன்னார்: "ஆட்டம் கெடக்கட்டும் நைனா, எம்பொண்ணுக்கு எப்ப கண்ணாலம்னு மொதல்ல கேட்டுக்கறேன்."

ஏழுமலை

வருகிறவர்களில் ஓநாய் இல்லாத நாளிலும் வேட்டை நடக்க வேண்டும் என்பதால், சம்பள ஓநாயாக ஏழுமலை இருந்தார். என்னோடு அதே கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தவர். இடது கையில் மோதிர விரலை அந்த மிஷின் எடுத்துக்கொண்டது. இங்கே கம்பளியில் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மே மாதம் முழுக்க ஓடினார். வீட்டில் செக்யூரிட்டி வேலை என்று சொல்லியிருந்தார். நான் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன், என் வீட்டில் நான் சொன்னதை அவர் காப்பாற்றினார்.

ஒருநாள் எங்கள் பழைய மேனேஜர் இரண்டு பேரக்குழந்தைகளோடு வந்தார். கம்பெனியைப் பூட்டிய காலையில் கேட்டில் நின்று நோட்டீஸைப் படித்தவர். நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வாளைக் கொடுத்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பம்பை அடித்ததும் ஏழுமலை மற்றவர்களை விட்டுவிட்டு அவரை நோக்கி வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். மேனேஜர் தோளில் இடது கையை வைத்தார். உறுமக்கூட இல்லை. பேத்தி, "தாத்தா, குத்துங்க" என்று கத்தினாள். அவர் வாளை ஓங்கினார். தோளில் இருந்த கையைப் பார்த்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விசில் ஊதியிருக்க வேண்டும். விசில் வாயில்தான் இருந்தது. மேனேஜர் வாளை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தார். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது, முகமூடியைப் பார்க்காமல் சொன்னார்: "வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதப்பா, ஏழுமலை."

தண்ணீர்

மறுநாளிலிருந்து ஏழுமலை வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். வேறு ஆள் கிடைக்காததால் கம்பளியை நான் போட்டுக்கொண்டேன். உள்ளே அவருடைய வியர்வை வாசம் இன்னும் இருந்தது. அதற்குள் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பதினொரு தடவை கொன்றார்கள். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

பந்தலில் செத்துக் கிடந்தபோது முதலாளி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோப்பை வெட்டிச் சறுக்குமரமும் குளமும் கட்டப்போவதாகச் சொன்னார். ஓநாய்ப் பிரிவில் ஒருவருக்கும் இனி வேலை இல்லை என்பதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கம்பளித் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டேன். "ஜனங்களுக்குப் பயம் வேணாமாம்பா, தண்ணிதான் வேணுமாம்."

நேர்முகம்

முதலாளி நல்லவர், கேட்டதும் சான்றிதழ் கொடுத்தார். "ஓநாய்ப் பிரிவில் மூன்று ஆண்டுகள் பொறுப்பாளர். நன்னடத்தை உள்ளவர்" என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓநாயை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எடுத்தால் மூன்று வருடம் என்ன செய்தேன் என்று சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அந்தக் காகிதத்தோடு மறுபடி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே போனேன். ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. உள்ளே ஒரே ஓர் அதிகாரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சான்றிதழை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்து, எல்லாவற்றையும் விளக்கியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க ஓநாய்ங்களுக்கு யூனியன் இருந்துச்சா?"

ஆக, மூன்று வருடம் ஊர் ஜனத்தையெல்லாம் ஓநாயாக்கி அனுப்பியதில், வேலை தேடும் மனிதனாக வெளியே வந்தவன் நான் ஒருவன்தான்.