கடைசிவரை போகும் கோடு

என் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் டீக்கடைக்காரருக்கு அது தெரியும். தெரிந்தே கேட்பார்.

"என்னா சார், நேத்து வீடியோக்கு வியூஸ் ஜாஸ்தியா, கம்மியா?"

"கம்மிதான். நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்கு சார் பாக்கணும்? மலைதான் எதுருலயே நிக்குதே!"

என் மனைவி போன பிறகு, நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று மகன் ஆரம்பித்துக் கொடுத்த சேனல் அது. அவனுக்குப் பெங்களூரில் வேலை. விடிந்ததும் வேங்கிக்கால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், மலை சுற்றும் பாதையில் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி செருப்பில்லாமல் நடப்பேன். வலது பக்கம் மலை, முன்னால் ரோடு. அவ்வளவுதான் வீடியோ. பாட்டு கிடையாது, என் முகமும் கிடையாது.

மலை சுற்றும்போது வாய் திறக்கக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போன காலத்தில் மகன் "கால் வலிக்குதும்மா" என்றால்கூட முறைப்பாள். நான் வீட்டிலேயே அதிகம் பேசாதவன், எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. தனியாக நடக்க ஆரம்பித்ததும் என்னவோ ஆகிவிட்டது. ஒருநாள் ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரைக் கண்டதும், "பாத்து வாடா" என்று செல்போனிடம் சொல்லிவிட்டேன். யாரைச் சொன்னேன்? அவனைத்தான். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ரசத்தில் உப்பு போட மறந்தது, முட்டி வலி, அவன் அம்மாவின் புடவைகளை யாருக்கும் கொடுக்க மனசு வராதது, எல்லாவற்றையும் நடந்துகொண்டே சொன்னேன். எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றினேன்.

நேராகப் பேசும்போது இதெல்லாம் எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்டியாப்பா?" "சாப்டேன்." "வேற?" "வேற ஒண்ணுமில்ல, வெச்சிடட்டா?" வாராவாரம் இதே கதைதான்.

பார்க்க வந்தவர்கள் வீடியோவின் எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று சேனலுக்குள் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். என் கோடு ஆரம்பத்திலேயே தொபுக்கென்று விழும். விழட்டும், எனக்கென்ன! ஆனால் விழுந்த கோடு அடியில் ஒட்டிக்கொண்டு, கடைசிவரை போகும். ஒவ்வொரு வீடியோவிலும் போகும். யாரோ ஒருவர் முழுதாகப் பார்க்கிறார். அது என் மகன்தான் என்று எனக்குத் தெரியும். அப்பன் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறான், அதைச் சொல்லத்தான் என்னைப்போலவே கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு கோடு போதும், என் சேனல் ஜெயித்துவிட்டது என்று இருந்தேன்.

மழைக்காலத்தில் கடுமையான காய்ச்சல் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தேன். எழுந்து நடமாட முடிந்ததும் மலைப்பாதைக்குப் போனேன். "காய்ச்சல்ல கெடந்தேன்டா, பயந்துட்டேன். செத்துட்டா கதவ யாரு தொறப்பாங்கன்னு நெனச்சேன்" என்று சொன்னேன். வீடியோவை ஏற்றினேன். கோடு கடைசிவரை போனது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

"சாப்டியாப்பா?"

"சாப்டேன்."

"வேற?"

எனக்குப் பொறுக்கவில்லை. "வீடியோ பாத்தியாடா?"

"தெனமும் ஓடுதுப்பா! ஆபீஸ்ல பக்கத்து ஸ்கிரீன்ல மியூட்ல போட்டு விட்டுடுவேன். முழுசா ஓடினாதான சேனல் மேல வரும்?"

"மியூட்லயா?"

"மலை சுத்தறப்ப நீ வாயே தொறக்க மாட்டியேப்பா. ஹாரன் சத்தம்தான வரும்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் அம்மா அப்படித்தானே வளர்த்தாள்? ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு தடவையாச்சும் சவுண்டு வெச்சுப் பாருடா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். டீ போடப் போய், பாலைப் பொங்கவிட்டு, அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

சாயங்காலம் அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"உனக்குக் காய்ச்சலாப்பா? ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேடா" என்றேன்.