நசீமாவின் தொண்டையில் டச்சுக் காசு

தி.நகரில் நாணயக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய செப்புக் காசை என் உள்ளங்கையில் வைத்து, "டச்சுக்காரன் காசும்மா, நல்லா பாரு" என்றார். வியர்வை பட்டதும் செம்பு வாடை எழுந்தது.

அபிராமபுரத்தில் எங்கள் பழைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதே வாடைதான் அடிக்கும். பழவேற்காட்டில் தேடி வாங்கிய டச்சுக் காசுகளை அத்தா எண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்துப் பாயில் பரப்புவார். ஒரு ஞாயிறு பூதக்கண்ணாடி எடுக்க உள்ளே போனார். அதற்குள் மூன்று வயதுத் தங்கை நசீமா ஒரு காசை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் திரும்பியபோது அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அத்தா!" என்று அலறினேன். ஓடிவந்தவர் அப்படியே உறைந்து நின்றார்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மாதான் அவளைத் தூக்கித் தொடைமேல் குப்புறக் கவிழ்த்து, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். "துப்புடி! துப்பிடுடி கண்ணு!"

காசு தரையில் விழுந்து உருண்டது. அதன்பிறகும் நசீமாவிடம் அசைவில்லை. அம்மா இன்னொரு அறை வைத்தாள். வீறிட்டு அழுதாள் நசீமா.

நான் அவளைத் தூக்கப் போனேன். அத்தா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "அழட்டும் வுடும்மா, கொஞ்ச நேரம் அழட்டும்" என்றார்.

கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். "புடிக்கலியாம்மா?" என்று கேட்டார். வெளியே வந்தேன். பாண்டி பஜாரின் ஹார்ன் இரைச்சலுக்கு நடுவே நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.